வரிசையைப் பிளக்கும் பாஸ்: கரையோரக் கால்பந்து அணிகளுக்கு ஒரு முழுப் பயிற்சி வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாக சாயல்குடி வரை எந்த ஊர் மைதானத்தில் சாயங்காலம் போய் நின்றாலும் ஒரு சத்தம் கண்டிப்பாகக் காதில் விழும்: "தூக்கி அடிடா!" கத்துபவரைக் குறை சொல்ல முடியாது. மேடும் பள்ளமுமான தரையில் பந்தை உருட்டினால் எங்கே திரும்பும் என்று தெரியாது. தூக்கி அடித்தால் ஆபத்து நம் பக்கத்தை விட்டுப் போய்விடும். ஆனால் எதிரணி இரண்டு வரிசையாக ஒழுங்காக நின்றுவிட்டால், தூக்கி அடித்த பந்து அவர்கள் ஸ்டாப்பர் (கடைசி வரிசையின் நடுவில் நிற்பவன்) தலையில் பட்டு நேராகத் திரும்பி வரும். அதிலும் ஆடி மாதக் காற்றில் யார் தலைக்கு வரும் என்று அடித்தவனுக்கே தெரியாது.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பையன்களையும் பெண்களையும் வைத்துப் பயிற்சி தரும் பி.டி. ஆசிரியர்களுக்கும், ஊர் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மாருக்கும் இதை எழுதுகிறேன். பந்தை நிறுத்தவும் பத்து மீட்டர் தூரத்துக்கு ஒழுங்காகத் தள்ளவும் தெரிந்த பிள்ளைகள் போதும்.

வரிசை என்று எதைச் சொல்கிறோம்? எதிரணி 4-4-2 ஆடினால் நம்மைப் பார்த்து மூன்று வரிசை நிற்கும்: முன்னால் இரண்டு ஃபார்வர்ட், நடுவில் நான்கு பேர், கடைசியில் நான்கு பேர். நடு வரிசையில் இரண்டு பேருக்கு இடையே புகுந்து நம் ஆள் காலுக்குப் பந்து போய்விட்டால், அந்த நான்கு பேரும் திரும்பி ஓடி வரும்வரை ஆட்டத்திலேயே இல்லை. ஒரே பாஸில் நான்கு பேரை வெளியே வைக்கிறோம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஃபிஃபா வெளியிட்ட ஆட்டப் புள்ளிவிவரங்களில் இப்படி வரிசை உடைத்த கணக்கும் ஒரு தனித் தலைப்பாகவே இருந்தது.

இந்தப் பாஸ் தவறும்போது கொடுத்தவனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் வாங்குபவனிடம் இருக்கும். அவன் எங்கே நிற்கிறான், எப்படி நிற்கிறான், பந்து வருவதற்கு முன் என்ன பார்த்தான் என்பதில்தான் பாதி வேலை. அதனால் இந்த வழிகாட்டி உதைப்பதில் தொடங்கவில்லை.

தரை, பந்து, காற்று

கடற்கரை மணலில் இந்தப் பயிற்சி வேண்டாம். மணலில் பந்து உருளாது, பாஸின் வேகத்தைப் பிள்ளைகள் தப்பாகக் கற்றுக்கொள்வார்கள். மணல் ஓட்டத்துக்கும் உடம்பு வலுவுக்கும் நல்லது, அதை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மைதானமோ, காய்ந்த கண்மாய்ப் பொட்டலோ போதும். ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வரிசையாக நடந்து கல்லும் சீமைக்கருவேல் முள்ளும் பொறுக்க வேண்டும். கிளப் பணத்தில் பாதி பஞ்சரான பந்துக்கே போவது இந்த முள்ளால்தான்.

பந்து 5-ஆம் எண். பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் என்றால் 4-ஆம் எண். இறுகிய தரையில் பந்து துள்ளிக்கொண்டே வரும் என்பதால் காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். விதி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை அனுமதிக்கிறது. அதன் கீழ்ப்பாதியே நமக்குப் போதும்.

கோன் வாங்கக் காசில்லை என்றால் கவலை இல்லை. பழைய வலை மிதவைகளை நிறைய வைத்தால் மைதானம் தெளிவாகப் பிரியும். கிழிந்த வலையின் நைலான் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டால் அதுவே எல்லைக்கோடு. உண்மையில் கயிறு கோனைவிட நல்லது, வரிசை எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

காற்றைப் பயிற்சியாளர் மறக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றை எதிர்த்து ஒரு பாதி, காற்றோடு ஒரு பாதி என்று மாற்றி மாற்றி ஆடவையுங்கள். தரையோடு போகும் பந்தைக் காற்று அவ்வளவாகத் தொடாது. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் இரண்டு நாளில் தாங்களே கண்டுகொள்வார்கள்.

முதல் படி: பந்து வருமுன் பார்ப்பது

மூன்று பேர் ஒரு கோட்டில் நிற்கட்டும், இடைவெளி எட்டு மீட்டர். முதலாமவன் நடுவில் இருப்பவனுக்குப் பந்தைத் தள்ளுவான். பந்து காலை விட்டுக் கிளம்பியதும் பின்னால் நிற்பவன் விரல்களைக் காட்ட வேண்டும். நடுவில் இருப்பவன் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும். முதல் நாள் பாதிப் பேர் எண்ணைச் சொல்வார்கள், பந்தை விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் பந்தைப் பிடித்துவிட்டு எண்ணை ஊகித்துச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் இரண்டும் சேரும்.

எண் பழகியதும் ஆளைப் பழக்குங்கள். பின்னால் நிற்பவன் சில முறை நெருங்கி வருவான், சில முறை நின்ற இடத்திலேயே நிற்பான். நெருங்கினால் வந்த வழியே ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நெருங்கவில்லை என்றால் திரும்பி ஆட வேண்டும். இந்தக் கட்டத்தில் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏன்டா திரும்பல?"

"பின்னால ஆளு இருந்தான் அண்ணே."

"பாத்தியா?"

"பாக்கல. வர்ற மாதிரி சத்தம் கேட்டுச்சு."

அந்தச் 'சத்தம்' பெரும்பாலும் நடக்காத ஒன்று. பார்க்காதவன் எப்போதும் ஆள் இருக்கிறான் என்றே நினைத்துக்கொள்வான், பந்தைப் பின்னாலேயே திருப்பிக் கொடுப்பான். உங்கள் அணி முன்னேறாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய லீக் ஆட்டக்காரர்களைப் படம் பிடித்து, பந்து வருமுன் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணியவர். அடிக்கடி பார்ப்பவர்களின் பாஸ்தான் அதிகம் சேருகிறது என்பது அவர் கண்டது. பார்சிலோனாவின் நடு வரிசை ஆட்டக்காரராக இருந்த சாவி ஆடிய ஆட்டம் ஏதாவது கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு அவர் கழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நிற்கும் இடம், நிற்கும் கோணம்

இதில் அவசரப்படாதீர்கள். இரண்டு வாரம் போனாலும் போகட்டும்.

இடம் முதலில். பந்துக்கும் உனக்கும் நடுவே எதிரணி ஆள் நின்றால் நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். இரண்டு எதிரிகளின் தோளுக்கு இடையே தெரியும் சந்தில் நிற்க வேண்டும். பந்து வைத்திருப்பவனின் காலணியை உன்னால் பார்க்க முடிந்தால் அவனால் உனக்குக் கொடுக்க முடியும். பந்து இடம் மாறினால் சந்தும் இடம் மாறும், நீயும் இரண்டடி நகர வேண்டும். நடுவரிசைக்குப் பின்னால், கடைசி வரிசைக்கு முன்னால் நிற்பவன் ஓயாமல் இப்படிச் சின்னச் சின்னதாக நகர்ந்துகொண்டே இருப்பான். ஓட்டம் குறைவு, வேலை அதிகம்.

அடுத்து கோணம். பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு எதிரணி கோலுக்கு முழு முதுகு காட்டி நின்றால், வாங்கிய பின் திரும்ப மூன்று தொடுதல் ஆகும். இடுப்பைப் பக்கக்கோட்டின் பக்கம் திருப்பி, பாதி திரும்பி நிற்க வேண்டும். அப்போது ஒரு கண்ணில் நம் கோல், மறு கண்ணில் அவர்கள் கோல். பந்து வரும்போது கிட்டக்காலில் (பந்துக்கு அருகே உள்ள காலில்) நிறுத்தாமல் அதைக் கடந்து போகவிட்டு எட்டக்காலின் (தள்ளி உள்ள காலின்) உட்பக்கத்தால் வாங்கினால், அந்த முதல் தொடுதலிலேயே முகம் முன்னால் திரும்பிவிடும்.

மூன்றாவது, நிற்கும் இடத்திலிருந்தே வாங்கக் கூடாது. எதிர்ப்பக்கம் இரண்டடி போய், சட்டென்று திரும்பிச் சந்துக்குள் வர வேண்டும். காவலிருப்பவன் அந்த இரண்டடிக்கு ஏமாந்தாலே போதும்.

மூன்றாம் படி: பாஸ்

நம் தரையில் மென்மையான பாஸ் பாதி வழியில் செத்துவிடும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், கணுக்கால் இறுகி, பந்தின் நடுவில் அடித்து, கால் இலக்கைத் தொடர்ந்து போக வேண்டும். வாங்குபவன் 'இவ்வளவு வேகமா' என்று முறைத்தால் வேகம் சரி என்று அர்த்தம்.

எந்தக் காலுக்குக் கொடுப்பது என்பதும் ஒரு பேச்சு. எட்டக்காலுக்கு வந்தால் 'திரும்பலாம், ஆள் இல்லை'. கிட்டக்காலுக்கு வந்தால் 'ஆள் இருக்கிறான், வச்சுக் கொடு', அதாவது திரும்பாமல் ஒரே தொடுதலில் கொடு. கூடவே வாயாலும் சொல்லப் பழக்குங்கள்: "திரும்பு", "ஆளு", "வச்சுக் குடு". மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். காற்றடிக்கும்போது நீளமாகக் கத்தினால் எதுவும் கேட்காது.

வரிசையில் சந்து தானாகத் திறக்காது. அதைத் திறக்க இரண்டு வழி. ஒன்று, குறுக்கே இரண்டு மூன்று பாஸ் வேகமாகப் போட்டு எதிரணி வரிசையை நகர்த்துவது. நான்கு பேரும் ஒரே வேகத்தில் நகர மாட்டார்கள், பிந்துபவனுக்கும் முந்துபவனுக்கும் நடுவே வழி கிடைக்கும். இன்னொன்று, ஸ்டாப்பர் பந்தோடு நேராக முன்னேறுவது. யாராவது ஒருவன் தடுக்க வெளியே வந்தே ஆக வேண்டும், அவன் விட்டுவந்த இடம்தான் நம் வழி. நம் ஊர் ஸ்டாப்பர்கள் பந்தோடு பத்தடி நடக்கவே பயப்படுகிறார்கள். வெளியிலிருந்து வரும் கத்தல்தான் அதற்குக் காரணம், திறமைக் குறைவு இல்லை.

பார்வையை மறைப்பதும் இங்கே சேரும். விங்கை, அதாவது மைதான ஓரத்தை, பார்த்து உடம்பைத் திருப்பிவிட்டு உள்ளே கொடுப்பது. இதைக் கடைசியில் கற்றுக்கொடுங்கள், இல்லையென்றால் எல்லோரும் வேடிக்கை காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஆட்டமாகப் பழகுவது

முதலில் நால்வருக்கு இருவர். பத்து மீட்டர் சதுரம், வெளியே நான்கு பேர், உள்ளே இரண்டு பேர். பக்கத்து ஆளுக்குக் கொடுத்தால் புள்ளி இல்லை. உள்ளே இருக்கும் இருவருக்கும் நடுவே புகுந்து எதிரே போனால் ஒரு புள்ளி. உள்ளே இருப்பவர்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் பக்கத்தில் கொடுத்து அவர்களை நீட்ட வேண்டும், நீண்டால் நடுவே குத்த வேண்டும். எப்போது எது என்று நீங்கள் கத்திச் சொல்லாதீர்கள்.

அடுத்து மூன்று பகுதி ஆட்டம், இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். 36 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இரண்டு ஓரப் பகுதிகளும் 14 மீட்டர், நடுப்பகுதி 8 மீட்டர், இடையே கயிறு. ஒவ்வொரு பகுதியிலும் நான்கு பேர். ஓரத்து நால்வரும் தங்களுக்குள் பந்தை ஆட்டி, நடுவில் நிற்கும் நால்வரைத் தாண்டி எதிர் ஓரத்துக்குத் தரையோடு அனுப்ப வேண்டும். நடுவிலிருந்து ஒருவன் மட்டும் ஓரப் பகுதிக்குள் போய் நெருக்கலாம். அவன் போனதும் நடுவில் மூன்று பேர்தான் மிச்சம், அந்த நொடியில் சந்து பெரிதாகும். நடுவில் பந்து வெட்டுப்பட்டால், இழந்த நால்வர் நடுவுக்கு வர வேண்டும். தலைக்கு மேல் தூக்கி அனுப்பினால் கணக்கில் சேராது. நான்கு நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, நான்கைந்து சுற்று.

எதிர் ஓரத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். பந்து இந்தப் பக்கம் இருக்கும்போது அவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும், பந்து இருக்கும் பக்கத்தில் இல்லை. "இப்ப பந்து வந்தா எங்க குடுப்ப?" என்று ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மூன்றாவது ஆள்

வரிசைக்குப் பின்னால் பந்து வாங்குபவனுக்கு முதுகில் ஸ்டாப்பர் ஒட்டிக்கொண்டு நிற்பான். வாங்குபவன் திரும்ப முயன்றால் பந்து போகும். அவனைத் திரும்பச் சொல்லாமல், ஒரே தொடுதலில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எதிரே முகம் பார்த்து ஓடி வரும் ஹாஃப் (நடு வரிசை ஆள்) அதை எடுப்பான். அவனுக்கு முழு மைதானமும் தெரியும், அவன்தான் கடைசிப் பாஸைக் கொடுப்பான்.

அமைப்பு எளிது. ஸ்டாப்பரிடமிருந்து 18 மீட்டரில் ஃபார்வர்ட். ஃபார்வர்டுக்குப் பக்கவாட்டில் ஏழெட்டு மீட்டர் தள்ளி, சற்றுப் பின்னால் ஹாஃப். விங்கில் ஒருவன். ஸ்டாப்பர் ஃபார்வர்டுக்கு அடிக்கிறான், ஃபார்வர்ட் ஹாஃபுக்கு வைக்கிறான், ஹாஃப் விங்குக்கு முன்னால் உருட்டுகிறான்.

முழு ரகசியமும் ஹாஃப் எப்போது கிளம்புகிறான் என்பதில் இருக்கிறது. ஃபார்வர்ட் தொட்ட பிறகு கிளம்பினால் பிந்திவிட்டான். ஸ்டாப்பரின் காலை விட்டுப் பந்து போகும்போதே கிளம்ப வேண்டும். விங்கில் இருப்பவனும் அப்படியே, ஹாஃபுக்குப் பந்து வரும் வழியிலேயே அவன் ஓட்டம் தொடங்கியிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு பாஸ் முன்னதாக ஓடுவது. ஐந்து நிமிடம் எதிரி இல்லாமல் பழகியதும் உடனே எதிரிகளைச் சேருங்கள். வெறும் மிதவைகளுக்கு நடுவே இதை அழகாகச் செய்யும் பிள்ளைகள் ஆட்டத்தில் மறந்துபோவார்கள்.

வரிசைகளுக்கு நடுவே ஒருவன் இறங்கி வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காட்ட ஒரு ஆட்டம் போதும்: 2009 மே 2, மாட்ரிட். அன்று பார்சிலோனா பயிற்சியாளர் குவார்டியோலா மெஸ்ஸியை விங்கிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, ஃபார்வர்ட் இடத்திலிருந்து பின்னால் இறங்க விட்டார். ஸ்டாப்பர்கள் அவரைத் தொடர்ந்து வெளியே வந்தால் பின்னால் இடம் காலி. நின்றால் மெஸ்ஸி சும்மா திரும்பிவிடுவார். பார்சிலோனா 6-2 என்று ஜெயித்தது.

கடைசி வரிசையும் ஆஃப்சைடும்

கொடுப்பவனின் காலை விட்டுப் பந்து கிளம்பும் நொடியில், வாங்குபவன் எதிரணிப் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டிக் கோல்கோட்டுக்கு அருகே இருந்தால் ஆஃப்சைடு நிலை. சமமாக இருந்தால் ஆஃப்சைடு இல்லை. கோல் கிக், த்ரோ, கார்னரிலிருந்து நேராக வாங்கினாலும் இல்லை. இதைத் தரையில் வரைந்து காட்டுங்கள், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் பாதிதான் தெரிந்திருக்கும்.

ஓட்டம் சாய்வாக இருந்தால் பாஸ் நேராக. ஓட்டம் நேராக இருந்தால் பாஸ் சாய்வாக. இரண்டும் நேராக இருந்தால் பந்து கோல்கீப்பருக்குப் போகும். ஸ்டாப்பருக்கும் பேக்குக்கும் (கடைசி வரிசையின் ஓரத்து ஆள்) நடுவே உள்ள வழிதான் முதல் இலக்கு. ஓடுபவன் முதலில் வரிசையின் ஓரமாகக் குறுக்கே ஓடி, பந்து கிளம்பும்போது உள்ளே வளைய வேண்டும்.

காற்று இங்கே கணக்கை மாற்றும். காற்றோடு ஆடும் பாதியில் வரிசைக்குப் பின்னால் தூக்கிப் போட்ட பந்து ஓடிக்கொண்டே போய் கீப்பரிடம் சேரும், அப்போது காலுக்குக் கொடுங்கள். காற்றை எதிர்த்து ஆடும்போது அதே பந்து நின்று கொடுக்கும், பின்னால் போடுவதற்கு அதுதான் நேரம். பெரும்பாலான அணிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

பிளந்த பின்

வரிசை உடைந்ததும் பலர் பந்தை நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். அதற்குள் நான்கு பேரும் திரும்பி வந்துவிடுவார்கள். மூவருக்கு இருவர் ஆட்டம் வையுங்கள், பந்து கிடைத்ததிலிருந்து எட்டு நொடிக்குள் அடித்து முடிக்க வேண்டும். பந்து வைத்திருப்பவன் ஸ்டாப்பரை நோக்கி நேராக ஓட வேண்டும். ஸ்டாப்பர் தன்னிடம் வந்து சேரும்வரை கொடுக்கக் கூடாது, வந்ததும் உடனே கொடுக்க வேண்டும்.

பக்கத்தில் புகுந்தால் கோல்கோடு வரை போய்ப் பின்னோக்கி இழுத்துக் கொடுப்பது உயரக் கிராஸைவிட மேல். காற்று கெடுக்காது, பந்துக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஆஃப்சைடும் கிடையாது. ஒருவன் கிட்டத் தூணுக்கு, ஒருவன் பெனால்டி புள்ளிக்கு, ஒருவன் தூரத் தூணுக்கு.

எப்போது கொடுக்கக் கூடாது

நம் பாதியின் நடுவில், இரண்டு பேக்கும் மேலே போயிருக்கும்போது, நடுவே குத்தும் பாஸ் வெட்டுப்பட்டால் கோல்தான். இரண்டு ஸ்டாப்பரும் ஒரு ஹாஃபும் பின்னால் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகே முயல வேண்டும். சந்து மூடியிருந்தால் சுற்றிப் போகட்டும். சில நேரம் தூக்கி அடிப்பதே சரி, அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பந்து போனால் ஐந்து நொடி எல்லோரும் சேர்ந்து நெருக்கிப் பிடிக்க வேண்டும்.

நம் பக்கம் அதிகம் நடப்பது அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். அதில் எதிரணிக்குப் பெரும்பாலும் இரண்டு வரிசையும் மேலே ஒருத்தனும்தான், இடமும் குறைவு. மூன்றாவது ஆள் முறை அங்கே நன்றாக எடுபடும். சில போட்டிகளில் ஆஃப்சைடு பார்க்க மாட்டார்கள், ஆடுமுன் கமிட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

வாரம் மூன்று நாள் போதும்: ஒரு நாள் பார்வையும் கோணமும், ஒரு நாள் மூன்று பகுதி ஆட்டமும் மூன்றாவது ஆளும், ஒரு நாள் முழு ஆட்டம். அந்த ஆட்டத்தில் சாதாரண கோலுக்கு ஒன்று, நடு வரிசையைப் பிளந்து வந்த கோலுக்கு மூன்று என்று வையுங்கள். நோன்பு மாதத்தில் பார்வைப் பயிற்சி மட்டும், ஓட்டம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் பையன்கள் அப்போது ஊரில் இருப்பார்கள், பள்ளி விடுமுறையும் சேரும். தொடர்ச்சியாக முகாம் நடத்த அதைவிட நல்ல காலம் இல்லை, காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும்.

போட்டியன்று வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள். நடுவே குத்த முயன்றது எத்தனை, சேர்ந்தது எத்தனை, சேராததில் வாங்குபவன் பார்க்காமல் நின்றது எத்தனை என்று மூன்று பத்தி. அடுத்த வாரம் எதைப் பழக்குவது என்பதை மூன்றாவது பத்தியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.